ஒப்பாரிக் கோச்சி வந்த வழியே

தலைமன்னார் இறங்குதுறையில் அம்மா கடலைப் பார்க்கவில்லை. தண்டவாளம் முடிகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கோச்சி இங்கதான் நின்னுச்சு. எங்கப்பா மொதல்ல பொட்டிய எறக்குனாரு. அப்புறம் என்னைய எறக்குனாரு. அம்மா எறங்கமாட்டேன்னு கம்பியப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு.”

அது 1973. அம்மாவுக்கு 11 வயது. இலங்கை மலைநாட்டிலிருந்து தாயகம் திரும்பியோரை ஏற்றிவந்த இரயிலுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. இலங்கைப் பேச்சில் கோச்சி என்றால் இரயில். மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் கதறியதால் வந்த பெயர் அது. தலைமன்னாரில் இறங்கி, ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அரசு ஒதுக்கிய தேயிலை வேலைக்காகக் கோத்தகிரி ஏறியது அம்மாவின் குடும்பம்.

2025 மாசியில், 52 ஆண்டுகள் கழித்து, அம்மாவும் நானும் அந்த வழியே திரும்பிப் போனோம். ஒன்பது நாள், இரண்டு பேர், கையில் 35,000 ரூபாய். அதற்குள் போய்வந்துவிட்டோம்.

வெளிநாடு என்றாலே லட்சங்களில் கணக்குப் போட்டு, “நமக்கெல்லாம் எங்கே” என்று ஒதுங்கும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்கள், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் என்று தாயகம் திரும்பியோர் குடியமர்த்தப்பட்ட எல்லா இடங்களிலும் இதே பேச்சைக் கேட்கலாம். போய்வந்தபின் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று: பிறந்த மண்ணைத் தேடிப் போகப் பெரிய பணம் வேண்டாம். பெயர்கள் வேண்டும். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் இன்னும் இருக்கிறார்கள்.

டிரங்குப் பெட்டியில் ஒரு அட்டை

எங்கள் தேடல் வீட்டிலேயே, ஒரு பைசா செலவில்லாமல் தொடங்கியது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழுப்பேறிய குடும்ப அட்டை ஒன்று இருந்தது. கண்டியிலுள்ள இந்தியத் துணைத் தூதரகம் தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்தது. குடும்பத்தலைவர் பெயர், ஒவ்வொருவரின் வயது, இலங்கையில் வேலை செய்த தோட்டத்தின் பெயர் எல்லாம் அதில் இருந்தன.

அந்த அட்டை இல்லாதிருந்தால் நாங்கள் போயிருக்கவே முடியாது. காரணம், அம்மாவுக்குத் தெரிந்த தோட்டத்துப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. மலைநாட்டில் பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர். வெள்ளைக்காரத் துரை தன் ஊர் நினைவில் வைத்தது ஒன்று. கொழுந்து பறித்தவர்கள் தங்கள் வாய்க்கு வசதியாக வைத்துக்கொண்டது இன்னொன்று. பாட்டிகள் சொல்வது இரண்டாவது பெயரை. அரசுக் காகிதங்களில் இருப்பது முதலாவது. இரண்டையும் இணைக்கும் ஒரே சான்று பெரும்பாலும் இந்த அட்டைதான், அல்லது பழைய கடவுச்சீட்டு.

(எங்கள் தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே எங்களோடு பேசியவர்கள் கேட்டுக்கொண்டதால். அட்டனிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

அட்டையில் உள்ள பெயரைத் தேடியதும் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் இணையத்தில் அகப்பட்டது. பள்ளிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். கூடவே குடும்ப அட்டையின் படம், அம்மாவின் படம், அம்மாவுக்கு நினைவிருந்த நான்கு பெயர்கள். மூன்று வாரம் பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. “தங்கச்சி, நான் பெரியக்கா பேசுறேன். நல்லாருக்கியா?”

அம்மா கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து அதன் திரையைத் தடவிப் பார்த்தார். அம்மாவின் அக்காவான பெரியம்மாவிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது 1983 இனக்கலவரத்துக்கு முன்பு. அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

ஒரு ஒப்பந்தம், இரண்டு நாடு

அக்கா அங்கே, தங்கை இங்கே என்று ஆனது எப்படி? இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், தேயிலையும் ரப்பரும் வளர்த்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களின் வாழ்வை முடிவுசெய்த பேச்சுவார்த்தையில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

எண்ணிக்கையைப் பிரித்தபோது குடும்பங்களும் பிரிந்தன. தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தார். பெரியம்மாவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் கணவர் குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. அவ்வளவுதான். ஒரே காம்பராவில் (தோட்டத்து வீட்டு அறையில்) வளர்ந்த பெண்கள் இரண்டு நாட்டுக் குடிமக்களானார்கள்.

அம்மாவின் முதல் இந்தியக் கடவுச்சீட்டு 2024இல்தான் கைக்கு வந்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவீதச் சலுகை உண்டு. பிறந்த இடம் என்ற கட்டத்தில் ‘அட்டன்’ என்று அச்சாகியிருந்ததை அம்மா அன்றைக்குப் பலமுறை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

கப்பலேறிப் போனோம்

விமானத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போவது விரைவு. நாங்கள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலில் போனோம். 2023 அக்டோபரில் தொடங்கி, மழைக்காலத்தில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய சேவை அது. கடல் அமைதியாக இருந்தால் சுமார் நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். மற்ற நாட்களிலும் கடல் கொந்தளித்தால் பயணம் தள்ளிப்போகும். ஆகவே கைவசம் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கப்பலைத் தேர்ந்ததற்குக் காரணம் கட்டணம் மட்டும் இல்லை. கப்பலில் வந்த அம்மா கப்பலிலேயே திரும்பிப் போக ஆசைப்பட்டார். எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கப்பலுக்கே போனது. மீதிப் பணத்தில் ஒன்பது நாளும் ஓடியது. நம் ஒரு ரூபாய்க்கு அப்போது ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய் கிடைத்தது. அரசு பஸ், மூன்றாம் வகுப்பு இரயில், சோற்றுக்கடைச் சாப்பாடு, கோயிலடி விடுதி அறை என்று போனால் இரண்டு பேருக்கு அது போதும்.

யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பூநகரி வழியாக மன்னாருக்கு பஸ் பிடித்தோம். அங்கிருந்து தலைமன்னார். பழைய கலங்கரை விளக்கமும் சிதைந்த இறங்குதுறையும் கடலோரமாக நிற்கின்றன. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி இரயில் என்று சென்னையும் கொழும்பும் இணைந்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. எண்பதுகளில், போர்க்காலத்தில், அதுவும் நின்றுபோனது.

நடந்து போன சாலையில் பஸ்

அடுத்த நாள் காலை மன்னாரிலிருந்து புறப்பட்டோம். மதவாச்சி, மிகிந்தலை, கெக்கிராவை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை. பஸ் மாறி மாறிப் போக நாள் முழுக்க ஆயிற்று. கொழும்பு வழியே போனால் வசதியாக இருந்திருக்கும். ஆனால் இந்த வழியில்தான் எங்கள் முன்னோர் நடந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த ஆட்கள் கிளம்பினார்கள். ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுப்பான். அந்தக் கடன் தோட்டத்துக் கணக்கில் ஏறும், அடைபடவே அடைபடாது. தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் வழியெல்லாம் ஆட்களைத் தின்றன. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை பேர் என்று ஒழுங்காக யாரும் எண்ணவில்லை.

மலையகத்துக்கு மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, 2023 ஜூலை இறுதியில் தொடங்கி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களும் அவர்களோடு தோள்சேர்ந்த மற்றவர்களும் நடந்தே போனார்கள். நாங்கள் பஸ்ஸில் உட்கார்ந்துதான் போனோம். அதற்கே இடுப்பு ஒடிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே காய்ந்த புதர்க்காடு பின்னால் ஓட ஓட, அம்மா ஒன்று சொன்னார்: “எங்க அப்பாயிக்கு நடக்குறப்பவெல்லாம் காலைப் பாத்துத்தான் நடக்கும். முள்ளு பாத்து நடந்த பழக்கம்னு சொல்லும். இது என்ன பழக்கம்னு அப்ப எனக்குப் புரியல.” அப்பாயி இந்த வழியே நடந்து வந்தவர் இல்லை, அவர் காலத்தில் இரயில் வந்துவிட்டது. அவருடைய தாயாரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் 1874இல் எழுந்தது. காட்டைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட்ட அம்மன் என்று மலையகத்தில் சொல்கிறார்கள். 1983 வன்முறையில் தாக்கப்பட்டு மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட கோயில். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். நாங்கள் போனபோது அதற்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் கொதித்த கல்லில் மூன்று சுற்று சுற்றினார்.

மூன்றாம் வகுப்பில் மலையேற்றம்

கண்டியிலிருந்து அட்டனுக்கு இரயில். உலகம் முழுவதிலுமிருந்து வரும் சுற்றுலாப் பயணிகள் முன்பதிவுக்கு அலையும் பாதை இது. ஆனால் மூன்றாம் வகுப்பில் முன்பதிவில்லாப் பெட்டிக்கு நிலையத்திலேயே சீட்டு எடுக்கலாம். விலை மிகக் குறைவு. காலையில் சீக்கிரம் போனால் உட்கார இடமும் கிடைக்கும். கம்பளை, நாவலப்பிட்டி, வட்டவளை, ரொசல்லை என்று ஊர்ப்பெயர்களை அம்மா இரயிலுக்கு முன்னால் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

இந்த இரயில்பாதையும் தோட்டங்களுக்காகவே வந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டில், 1869இல், காப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் காப்பி மடிந்து தேயிலை எழுந்தது. இந்த மாற்றம்தான் எங்கள் குடும்பக் கதையையும் மாற்றியது. காப்பிக்குப் பறிப்புக் காலத்தில்தான் நிறைய ஆள் தேவை. பலர் வந்து வேலைசெய்துவிட்டு ஊர் திரும்பினார்கள். தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வந்தார்கள், குழந்தைகள் பிறந்தார்கள், லயங்கள் என்ற வரிசை வீடுகள் நிரந்தரமாயின. இந்தப் பாதை 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் எட்டியது.

நேரம் இருந்தால் கம்பளைக்கருகில் பழைய பீகொக் தோட்டத்திலுள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். பழைய லயன் அறைகளையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஆட்டுக்கல், கொழுந்துக் கூடை, தப்பு, பழைய ஆவணங்கள் என்று மக்கள் புழங்கிய பொருள்கள் அங்கே இருக்கின்றன. துரைமார் பங்களாக்களைக் காட்டும் சுற்றுலா இலங்கையில் நிறைய உண்டு. தொழிலாளியின் காம்பராவைக் காட்டும் இடம் அரிது.

லயத்து வாசலில்

தோட்டத்தில் பஸ் நின்ற இடத்தில் பெரியம்மா நின்றிருந்தார். 72 வயது. இரண்டு பேரும் ஓடவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. பெரியம்மா அம்மாவின் வலது கையை எடுத்து விரல்நுனிகளைத் திருப்பிப் பார்த்தார்.

“அங்கயும் கொழுந்துதானா?”

“அங்கயும் கொழுந்துதான்க்கா.”

அதற்கப்புறம்தான் அழுதார்கள்.

அம்மா கோத்தகிரியில் 30 ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். பெரியம்மா இங்கே. அன்று இரவு முழுக்க அவர்கள் பேசியதில் பாதி வேலையைப் பற்றித்தான். நீலகிரியில் இப்போது கத்தரி வைத்து வெட்டுகிறார்கள் என்றபோது பெரியம்மா நம்பவில்லை. இங்கே இன்னும் கைக்கொழுந்துதான். கூடைக்கயிறு இன்னும் தலையில்தான். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுப்பது, ‘அரைப்பேர்’ (அரைநாள் கூலி) போட்டுவிடுவார்களோ என்ற பயம், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலைக்கு ஓடுவது என்று ஐம்பது ஆண்டில் மாறாதவை நிறைய இருந்தன.

அம்மா பிறந்த லயம் இன்னும் நிற்கிறது. 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. சுவரில் வேறு பூச்சு, கூரையில் புதிய தகரம். இப்போது இருக்கும் குடும்பம் எங்களை உள்ளே அழைத்து, ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தது. அம்மா அடுப்பு மூலையைக் காட்டி, “இங்கதான் நாங்க மூணு பேரும் படுப்போம்” என்றார். 1973இல் பாணுக்கு (பிரெட்டுக்கு) வரிசையில் நின்றது, மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாள் கழித்தது என்று, எங்களிடம் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் அந்த வீட்டுப் பெண்ணிடம் சொன்னார். அந்த ஆண்டுகளில் இலங்கைத் தோட்டங்களில் பட்டினி இருந்ததென்று நான் படித்திருந்தேன். என் வீட்டில் அது இருந்ததென்று அன்றுதான் தெரிந்தது.

அப்பாயி 1969இல் இங்கேயே இறந்தவர். புதைத்த இடத்தைத் தேடினோம். கல் வைக்கும் வழக்கமோ வசதியோ அன்று இல்லை. பழைய மயானத்தின் ஒரு பக்கம் தேயிலை நிரைக்குள் போய்விட்டது என்றார் பெரியம்மா. இரண்டு பேரும் சேர்ந்து ஓரிடத்தைத் தீர்மானித்தார்கள். சூடம் கொளுத்தி, வெற்றிலை பாக்கு வைத்து, கோத்தகிரியிலிருந்து கொண்டுபோன வர்க்கியில் இரண்டை வைத்தோம். கீழே விளையாட்டுத் திடலில் காமன் கம்பம் ஊன்றியிருந்தார்கள். காமன் கூத்துக்குத் தப்படிக்கும் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கும் செலவு மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்கூலி 2021இல்தான் 1,000 இலங்கை ரூபாயானது. 2024இல் 1,350 ஆனது. நாங்கள் போனபோது அது நம் பணத்தில் 400 ரூபாய்கூட இல்லை. நாம் போனால் அவர்கள் வேலைக்குப் போகமாட்டார்கள். கடன் வாங்கியாவது கோழி அடிப்பார்கள். எனவே போகும்போது அரிசி, பருப்பு, பால்மா, சீனி எல்லாம் அட்டன் டவுனிலேயே வாங்கிக்கொண்டு போனோம். “விருந்தாளி சாமான் தூக்கிட்டு வரலாமா” என்று பெரியம்மா கோபித்தார். அம்மா, “நான் விருந்தாளியா?” என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நம் சிக்கனம் இன்னொருவர் வீட்டு அடுப்பின் மேல் பாரமாக இறங்கக் கூடாது.

பதிவேட்டில் ஒரு ஊர்

தோட்டத்தில் கடைசி நாள் காலை பிரதேச செயலகத்துக்குப் போனோம். அம்மாவின் பிறப்புச் சான்றிதழுக்கு நகல் கேட்க. பிறந்த தேதியும் பதிவுப் பிரிவும் தெரிந்தால் எளிது. தெரியாவிட்டால் பதிவேட்டில் தேட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், சிறிய தொகைதான். அம்மாவுக்குத் தேதி தெரியாது. இந்தியாவில் பள்ளியில் சேர்த்தபோது வாயில் வந்த ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார்கள். “தீபாவளி முடிஞ்ச வாரம்” என்று அப்பாயி சொன்னது மட்டும் பெரியம்மாவுக்கு நினைவில் இருந்தது. அலுவலர் பொறுமையாக இரண்டு பதிவேடுகளைப் புரட்டினார்.

1961 நவம்பர் 14.

63 வயதில் அம்மாவுக்குப் பிறந்தநாள் கிடைத்தது. அது மட்டும் இல்லை. தந்தை பிறந்த இடம் என்ற கட்டத்தில், ஆங்கில எழுத்தில், எழுத்துப் பிழையோடு ஒரு கிராமத்தின் பெயர் இருந்தது. அதற்கடுத்து துறையூர் என்று இருந்தது. “எங்க பூர்வீகம் துறையூர்ப் பக்கம்” என்று மட்டுமே எங்கள் வீட்டில் தெரியும். கிராமத்தின் பெயரைச் சொல்லும் முன்பே தாத்தா போய்விட்டார். திருச்சி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் சொந்த ஊரின் பெயரைத் தெரிந்துகொள்ள, நாங்கள் கடல் தாண்டி அட்டன் வரை போக வேண்டியிருந்தது.

நீங்கள் புறப்படும் முன்

சில குறிப்புகள், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை:

இலங்கைக்குப் போக இணையவழிப் பயண அனுமதி வாங்க வேண்டும். கட்டணமும் விதியும் அவ்வப்போது மாறுகின்றன. அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நேரே விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் பணம் வாங்கிவிடும்.

மலைநாட்டில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை ஓரளவு குறைவு. ஆனால் டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவமும் என்பதால் அட்டனில் கூட்டம் இருக்கும். அறையை முன்பே பேசிவிடுங்கள். நாங்கள் போய்வந்த அதே 2025இல் நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. மண்சரிவில் உயிர்கள் போயின, மலை இரயில்பாதை பல இடங்களில் சேதமானது. புறப்படும் முன் எந்தப் பகுதியில் இரயில் ஓடுகிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே பயணத்தில் கொழும்பு, காலி, சிகிரியா எல்லாம் பார்த்துவிட நினைக்காதீர்கள். பணம் கரைவது அங்கேதான். தோட்டத்துக்கு மூன்று நாளாவது கொடுங்கள். முதல் நாள் எல்லோரும் அழுவார்கள். இரண்டாம் நாள் உபசரிப்பார்கள். மூன்றாம் நாள்தான் பழங்கதை வெளியே வரும்.

தோட்டத்துக்குள் போகும் முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அனுமதியின்றி ஸ்டோருக்குள் (தேயிலை ஆலைக்குள்) படமெடுக்காதீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுப்பது அதைவிடப் பெரிய தவறு. உலகம் முழுவதும் தேயிலைப் பெட்டியில் அவர்கள் முகம் இருக்கிறது. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், காசும் வேண்டாம். வீட்டிலுள்ள மூத்தவர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். தோட்டத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர், அட்டையில் இருக்கும் பெயர், எந்த டிவிஷன், கங்காணி பெயர், கோயில் எந்தச் சாமி, பக்கத்துக் காம்பராவில் யார், அவர்கள் எந்த ஊர் போனார்கள். இதை எழுதி வாங்குங்கள். குடும்ப அட்டையைப் படமெடுத்து நான்கு பேருக்கு அனுப்பி வையுங்கள். நீலகிரி ஈரத்தில் அந்தக் காகிதம் அதிக நாள் தாங்காது.

நாகப்பட்டினத்துக்குத் திரும்பும் கப்பலில் அம்மா அப்படி ஒரு நோட்டு எழுதினார். அவர் லயத்தில் 1973இல் இருந்த குழந்தைகள் 14 பேர். அதில் மூன்று பேர் பெரியம்மாவைப் போல அங்கேயே இருக்கிறார்கள். மற்ற 11 பேரும் இந்தியா வந்தவர்கள். சிலர் கூடலூர், சிலர் புத்தூர், சிலர் எங்கே என்றே தெரியாது. பெயர்களை எழுதி முடித்துவிட்டு, “இதுல யாராச்சும் இருந்தா, லயம் இன்னும் நிக்குதுன்னு சொல்லணும்” என்றார்.

அதற்காகவே இதை எழுதினேன். உங்கள் வீட்டிலும் தலைமன்னாரில் கப்பலேறிய ஒருவர் இருந்தால், இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு அவர் எந்தத் தோட்டம் என்று கேளுங்கள்.